ஜாம் ஆன இன்ஜினும் சோறு போடும்

கொங்கு நாட்டில் பழைய வண்டிகளுக்கு இப்போது நல்ல மவுசு. 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டு மைசூர் தொழிற்சாலை மூடியதோடு முடிந்த யெஸ்டி, இரும்பு பிளாக் வைத்த புல்லட் எனத் தோட்டத்துச் சாளையில் வருசக்கணக்காக நின்றதையெல்லாம் பேரப்பிள்ளைகள் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். முக்கால்வாசி வண்டியில் கிக்கர் இறங்காது. "பிளாக் செட்டையே மாத்திடலாங்க" என்று சொல்ல நிறைய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பிஸ்டனைச் சேதாரமில்லாமல் கழற்றி, எதனால் ஒட்டியது என்றும் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. இருசக்கர வாகனத் தொழிலில் தனிப்பெயர் எடுக்க நினைக்கும் இளைஞர்கள் பழக வேண்டிய வேலை இது.

ஸ்பானரைத் தொடுமுன் வாயைத் திறந்து கேளுங்கள்: "நின்னு பிடிச்சதுங்களா, ஓடிப் பிடிச்சதுங்களா?" இரண்டும் வேறு வியாதி. நின்று பிடித்தது என்றால் துரு. சைலன்சர் வழியாக ஈரம் ஏறி ரிங்கும் லைனரும் ஒட்டியிருக்கும். ஓடிப் பிடித்தது என்றால் ஆயில் போதாமலோ சூடு மிஞ்சியோ பிஸ்டனின் அலுமினியம் லைனரில் அப்பியிருக்கும். இந்த இரண்டாவது வகை, ஆறியதும் தானாகவே விட்டுவிடுவதும் உண்டு. "இப்ப கிக்கர் இறங்குதுங்க, சும்மா ஓட்டிப் பாக்கறேன்" என்று வண்டிக்காரர் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அப்பிய அலுமினியம் உள்ளேயே இருக்கிறது. அடுத்த தடவை பின்சக்கரம் நடுரோட்டில் பூட்டிக்கொள்ளும்.

ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்தாத வண்டியைப் பிரித்தால் வம்பு உங்கள் பட்டறைக்குத்தான்.

இனி வேலை. கிக்கர்மீது ஏறிக் குதிப்பது, கியரில் போட்டுத் தள்ளுவது, ஹெட்டைக் கழற்றியதும் இரும்புச் சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பது என மூன்றும் நம் ஊரில் தினமும் நடக்கின்றன. மூன்றுமே தவறு. டூ ஸ்ட்ரோக் வண்டியின் கிராங்க், அழுத்திக் கோத்த தனித்தனித் துண்டுகள். முரட்டு அடி விழுந்தால் அது கோணிவிடும், கனெக்டிங் ராடும் வளையும். ரீபோரோடு முடிய வேண்டிய செலவு இரண்டு பங்காகும்.

பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து, நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். டீசலும் வேலை செய்யும், நாள் கூடப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரையும் கழற்றினால் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும், அங்கேயும் பீய்ச்சுங்கள். பிஸ்டன் கீழே நின்றால் மேலே ஊற்றியது போர்ட் வழியாக வெளியே ஓடிவிடும், அதையும் கவனியுங்கள். ஒரு ராத்திரியில் விடவில்லை என்றால் ஒரு வாரம் விடுங்கள், தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

அப்படியும் அசையவில்லை என்றால் சூடு. ஊற்றியதையெல்லாம் வடித்துத் துடைத்த பிறகுதான் இது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மொத்த இன்ஜினையும் காய்ச்சினால் பிஸ்டன் லைனரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிளாக்கின் வெளிப்புறத்தை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சுற்றிலும் ஒரே சீராக, வேகமாகச் சூடேற்றுங்கள். சூடு பிஸ்டனுக்குப் போய்ச் சேருமுன் லைனர் விரிய வேண்டும். பிறகு ஆறவிட்டு மறுபடியும் சூடேற்றுங்கள். துருவின் பிடி இப்படித்தான் தளரும்.

பிஸ்டன் பாதி வழியில் நின்றால், லேத் பட்டறையில் புளியங்கட்டையைக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மில்லிமீட்டர். கட்டை 48 இருந்தால் போதும். ஹெட்டைக் கழற்றி, கட்டையைப் பிஸ்டன்மேல் நேராக நிறுத்தி மர மேலட்டால் தட்டுங்கள். ஒரு நூல் இறங்கினாலும் நிறுத்திவிட்டு மறுபடி ஆயில் விட்டு, வந்த வழியே மேலே ஏறுமா என்று பாருங்கள். எவ்வளவு அவசரம் இருந்தாலும் டூ ஸ்ட்ரோக் பிளாக்கை இடவலமாகத் திருகிக் கழற்றாதீர்கள். ரிங்கின் வாய் நகராமல் இருக்கப் பிஸ்டனில் சிறு பின் உண்டு. திருகினால் ரிங் முனை போர்ட்டுக்குள் விழுந்து ஒடியும், லைனரும் கீறும். கம்ப்ரசர் காற்றைப் பிளக் ஓட்டை வழியாக ஏற்றிப் பிஸ்டனைத் தள்ளுவது இன்னும் ஆபத்து. பிஸ்டன் குண்டு மாதிரி பாயும்.

பிஸ்டன் வெளியே வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. போர் கேஜ் போட்டு மேலே, நடுவில், கீழே என்று அளந்து தாளில் எழுதுங்கள். கோவைக்கு இதில் பெரிய வசதி: பம்பு செட் தொழிலால் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எங்கு திரும்பினாலும் லேத் இருக்கிறது, மைக்ரோமீட்டரில் கண் பழகிய கைகள் இருக்கின்றன. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மில்லிமீட்டர் எனப் படிப்படியாக வரும். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுங்கள். கிராங்க் பேரிங், ஆயில் சீல், ஆயில் பம்ப் கேபிள் மூன்றையும் பாருங்கள். கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து புதுப் பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

தொழிலாக இதை நடத்த நினைப்பவர்கள் இன்ஜினைப் பிரிக்குமுன்பே கூலியைப் பேசிவிடுங்கள். பிரித்துப் பார்க்க இவ்வளவு, விட்டால் இவ்வளவு, ரீபோர் என்றால் இவ்வளவு என மூன்று தொகை ஜாப் கார்டில் இருந்தால் பின்னால் முகச்சுளிப்பு வராது. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப்பட்ட வண்டியில் அசல் பாகத்தைக் காப்பாற்றிக் கொடுப்பவருக்கு மதிப்பு கூடும்.

சூலூர் அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார்சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். இன்று அவ்வளவு தனியாகக் கற்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். படிக்கும்போதே மாலையில் ஒரு போரிங் பட்டறையில் போய் நின்று அளவெடுக்கப் பழகுங்கள். பட்டறை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான்.