கல் பாதையில் தயங்கும் குதிரை

அன்பு மருமகனே,

ஸ்ரீ கெம்பாங்கான் லாயத்தில் உன்னிடம் ஒப்படைத்த குதிரை புல்லில் நன்றாக நடக்கிறது, கல் பாதையில் மட்டும் அடி குறுகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். தலை ஆடவில்லை, அதனால் நொண்டல் இல்லை என்று மூத்தவர்கள் சொல்கிறார்களாம். இரண்டு முன்னங்காலும் ஒன்றுபோல நொந்தால் தலை எப்படியடா ஆடும்? எந்தக் காலைக் காப்பாற்ற ஆட்டும்?

பந்தயத்தில் ஓடிய தரோபிரெட் என்றாய். அந்த இனத்தில் பலவற்றுக்குக் குளம்பின் அடி மெல்லிசு, தட்டை. உள்ளே இருக்கும் எலும்புக்குக் கீழே 15 மில்லிமீட்டராவது கனம் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் சின்னக் கல்லும் குத்தும். ஐந்நூறு கிலோ உடம்பில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. இத்தனை வருடம் லாடத்தோடு ஓடியதை, ஓய்வு என்று சொல்லி லாடத்தைக் கழற்றிக் கல்லில் நடத்தினால் நோகாமல் என்ன செய்யும்?

இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலைப் பக்கம் பந்தயக் குதிரை ஓடிய காலத்தில் உன் தாத்தா அங்கே குதிரைகளைப் பராமரிக்கும் சைஸாக இருந்தார். கட்டை விரலால் அடியை அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் அன்றைக்கு அந்தக் குதிரைக்குக் கல் பாதை கிடையாது. நீயும் அழுத்திப் பார். (உன் ரயில் நிலையத்தின் பெயரே தாமான் இக்குயின், அதாவது குதிரைப் பூங்கா. அங்கே ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு குளம்பைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள்!)

நம்ம ஊரில் பெரிய எதிரி தண்ணீர். மழை போதாதென்று, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நாளுக்கு மூன்று முறை காலில் குழாய் பிடிக்கிறோம். ஊறிய அடி இளகிவிடும். குளிப்பாட்டு, ஆனால் கால் காயும்வரை சிமெண்டுத் தரையில் நிறுத்து. ஈர மரத்தூளை அன்றன்றே அள்ளிவிடு.

லாடக்காரர் அடியைச் சீவி வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொடுப்பார், பார்க்க அழகாகத்தான் இருக்கும். சீவ விடாதே. அந்தக் கனம்தான் அதற்குச் செருப்பு. அவரோடு வாதம் செய்யாமல், கால்நடை மருத்துவரை வைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிப் பேசு. செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தோல் அட்டை வைத்து லாடம் அடிக்கலாம். ஆனால் அட்டைக்கு அடியில் ஈரம் தங்கி நாறும், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றும்போது முகர்ந்து பார்க்க வேண்டும். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இறங்கும். முதலாளி அடுத்த வாரமே சவாரிக்குக் கேட்டால், மாதக் கணக்கு என்று சொல்லிவிடு.

வலி மருந்து கொடுத்து ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். வலி மறையும், அடி தடிக்காது. மரத்த காலோடு இன்னும் பலமாக மிதிக்கும்.

திடீரென்று ஒரே காலை ஊன்றாமல் நின்று, குளம்பு சுட்டு, கணுவுக்குப் பின்னால் நாடி துடித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து, நகர மறுத்தால் அது வேறு பெரிய நோய். நடுராத்திரி ஆனாலும் மருத்துவரைக் கூப்பிடு, நடக்க வைத்துப் பார்க்காதே.

அடுத்த லாட நாளுக்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்துவிடு. எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்கும் எழுது. அக்காவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா