மைசூரில் பயிற்சியா? ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்காதீர்கள்!

ஐ.டி. வேலை கிடைத்து மைசூருக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பலர் வகுப்பு, கேன்டீன், அறை என்றே நாள்களை ஓட்டிவிடுகிறார்கள். உங்களுக்குச் சில யோசனைகள்:

● கேன்டீனில் தயிர்சாதத்தையே தேடாமல், வெளியே ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை) சாப்பிட்டுப் பாருங்கள். சின்னதாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அக்கி ரொட்டியையும் (அரிசி ரொட்டி) விடாதீர்கள்.

● சாமுண்டி மலைக்கு பஸ் உண்டு. ஒருமுறையாவது விடிகாலையில் படியேறுங்கள். ஆயிரத்துக்குச் சற்று அதிகம். வழியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது.

● ஞாயிறு இரவு 7 மணி வாக்கில் அரண்மனை விளக்கொளியைப் பாருங்கள். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை.

● தேவராஜா மார்க்கெட்டில் கன்னடம் பழகுங்கள். ‘எஷ்டு?’ (எவ்வளவு), ‘பேடா’ (வேண்டாம்), ‘சாக்கு’ (போதும்) தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

● ஊர்க்காரர்களோடு மட்டும் சுற்றாமல், வேறு மாநில அறைத்தோழரையும் அழைத்துப் போங்கள். ஆட்டோ செலவும் பங்காகும்.

● தேர்வுக்கு முந்தைய நாள் புது ஓட்டல், நீண்ட பயணம் இரண்டுமே வேண்டாம்.

● எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்கள்.