படகுல ஃப்ரிட்ஜா? முதல்ல பேட்டரியைப் பாருங்க

பாய்மரப் படகுல மாசக்கணக்கா கடல்ல இருக்கப் போறீங்கன்னு வைங்க. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது லிட்டரைப் பார்க்காதீங்க, ஆம்ப்-ஹவரைப் பாருங்க. 12 வோல்ட் கம்ப்ரஸர் 5 ஆம்பியர் இழுத்து, பாதி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு 5 × 12 = 60 ஆம்ப்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினா ஆயுள் போயிடும்; ஆக ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே 120 வேணும். ராத்திரி விளக்கும் ரேடியோவும் அதே பேட்டரியிலதான்!

ஃப்ரீசர் இன்னும் மோசம். வெளியே 30 டிகிரி, உள்ளே 5 என்றால் வித்தியாசம் 25. உள்ளே மைனஸ் 18 என்றால் 48. அதே பெட்டிக்குள்ள வர்ற வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, கூடவே சி.ஓ.பி.யும் குறையும். (ஹீட் ட்ரான்ஸ்ஃபர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்.) அதனால பெரிய கம்ப்ரஸருக்கு முன்னாடி 10 செ.மீ. பாலியூரித்தேன் ஃபோமுக்குக் காசு ஒதுக்குங்க. மூடி மேல்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவுன்னா, திறந்ததுமே கனமான குளிர்காற்று உங்க காலடியில கொட்டிடும்.