துணைநொதி ஏ: முதற்படியைக் காக்கும் நொதி



உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவதற்கும், கொழுப்பை ஆக்குவதற்கும் சிதைப்பதற்கும் உயிரணுக்களுக்கு இன்றியமையாத சிறு மூலக்கூறு துணைநொதி ஏ ஆகும். வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் நொதிகள் எனவும், அவற்றுக்கு உடனிருந்து உதவுபவை துணைநொதிகள் எனவும் வழங்கப்படுகின்றன. துணைநொதி ஏ-யைக் கண்டறிந்தமைக்காக ஃபிரிட்ஸ் லிப்மன், ஹான்ஸ் கிரெப்சுடன் 1953-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வைட்டமின் பி5 எனப்படும் பேன்டோதெனிக் அமிலம் ஐந்து படிகளைக் கடந்து துணைநொதி ஏ-யாக மாறுகிறது. அவற்றுள் முதற்படியில் அவ்வமிலத்தோடு ஒரு பாஸ்பேட்டை இணைப்பது பேன்டோதெனேட் கைனேஸ் என்னும் நொதி. உற்பத்தியின் அளவு பெரிதும் இம்முதற்படியிலேயே முடிவாகிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்து தண்ணீர் வரவை அடைப்பதுபோல, துணைநொதி ஏ-யும் அதிலிருந்து உண்டாகும் அசெட்டைல் துணைநொதி ஏ-யும் மிகும்போது, அவையே இந்நொதியோடு பிணைந்து அதன் வேகத்தைக் குறைக்கின்றன. அவை குறையும்போது தடை தளர்ந்து உற்பத்தி மீள்கிறது. விளைபொருளே தன் ஆக்கத்தை அடக்கும் இம்முறை பின்னூட்டத் தடை எனப்படும்.

மனித உடலில் இந்நொதியின் பல வடிவங்கள் உள்ளன. அவற்றுள் பேன்க்2 என்னும் மரபணு ஆக்கும் வடிவம், உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. இம்மரபணுவின் பழுதே, பேன்டோதெனேட் கைனேஸ் சார்ந்த நரம்புச் சிதைவு என்னும் அரிய நோய்க்குக் காரணம் என்பது 2001-இல் தெரியவந்தது. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் குளோபஸ் பாலிடஸ் என்னும் மூளைப் பகுதியில் இந்நோயில் இரும்பு படிகிறது. பெரும்பாலும் ஆறு வயதுக்கு முன்பே குழந்தையின் நடை தடுமாறுகிறது, தசைகள் தாமாக இறுகி முறுக்கிக்கொள்கின்றன, பேச்சு குழறுகிறது, பலருக்கு விழித்திரையும் பழுதடைகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் கருமையான பகுதியின் நடுவே வெண்புள்ளி தெரிவதால், அத்தோற்றத்தை மருத்துவர்கள் புலிக்கண் என்கின்றனர்.

இங்கே உணவில் வைட்டமின் குறையவில்லை. அதைப் பயன்படுத்தும் நொதியே பழுதுபட்டுள்ளது என்பதால், வைட்டமினை மேலும் உட்கொள்வதால் மட்டும் இந்நோய் நீங்குவதில்லை. பழுதான படியைக் கடந்த பொருளை உயிரணுவுக்குள் சேர்க்க உருவாக்கப்பட்ட ஃபாஸ்மெட்பேன்டோடெனேட் என்னும் மருந்தும், 2019-இல் வெளியான ஆய்வு முடிவின்படி, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்தைவிடச் சிறந்த பயனைத் தரவில்லை. தசை இறுக்கத்தைத் தணிக்கும் சிகிச்சைகளே இன்று துணையாக உள்ளன.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு இந்நோய் உண்டாகிறது. இருவரும் அதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினருள் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே உறவுத் திருமணம் வழங்கிவரும் தமிழ்க் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுதல் நன்று. இச்செய்தியை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது படித்த இளையோரின் கடமையாகும்.