கணக்கேட்டிலிருந்து தானே தயாராகும் சந்தை நிலவர வீடியோ

விளைபொருளின் விலை இன்னதென்று உரிய காலத்தில் அறியாமையால் விவசாயி அடையும் நஷ்டம் புதியதன்று. விற்பனையைச் சீர்படுத்தும் பொருட்டு 1933-ஆம் ஆண்டில் மதராஸ் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்வழி ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்பட்டன. 2000-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் அக்மார்க்நெட் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிச் சந்தை விலைகளைக் கணினி வாயிலாய் வெளியிடலாயினர். 2016 ஏப்ரல் 14-ல் இ-நாம் என்னும் மின்னணுச் சந்தையும் தொடங்கிற்று. ஆகவே, விலை விவரம் கிடைக்காமை இன்று பெருங்குறையன்று. கிடைத்த விவரம் களத்துமேட்டில் நிற்பவருக்கு விளங்கும் உருவில் சேராமையே குறை. எண்கள் நிறைந்த நீண்ட அட்டவணையைக் கைபேசியின் சிறு திரையில் படிப்பது எவர்க்கும் எளிதன்று. அதே விவரம் அரை நிமிஷ வீடியோவாய், தமிழ்க் குரலுடன் வருமாயின் பலரும் கேட்டுப் பயனடைவர்.

ஆயினும் நாள்தோறும் வீடியோ தயாரிப்பதற்கு ஆள் வேண்டுமே என்பர். 10 சந்தைகளுக்கு 5 விளைபொருள்கள் வீதம் 50 படங்கள் வேண்டுமென்றும், ஒன்றைக் கையால் தயாரிக்க 20 நிமிஷம் ஆகுமென்றும் கொள்வோமாயின், ஒருநாள் வேலைக்கு 1,000 நிமிஷம், அதாவது 16 மணிக்கு மேல் செல்லும். இது நடவாத காரியம். கணக்கேட்டை வீடியோ தயாரிக்கும் யந்திரத்தோடு நேரே இணைத்துவிடும் முறை இக்கஷ்டத்தை நீக்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தாரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாரும் கணினி நிரல் எழுதும் வல்லமை மிகுதியுமின்றியே இதைக் கையாளலாம்.

முறையின் கருத்து

இம்முறைக்கு உறுப்புகள் மூன்று. முதலாவது, விவரங்களை வரிசையாய் வைத்திருக்கும் தரவுத்தளம் அல்லது அட்டவணை. கூகுள் ஷீட்ஸ், ஏர்டேபிள் போன்றவை இவ்வகை. இரண்டாவது, ஒன்றன்பின் ஒன்றாய் வேலைகளை நடத்தும் வேலைத்தொடர். மேக், ஜாப்பியர், என்எயிட்என் முதலியவற்றில் திரையின்மீது கட்டங்களை வைத்துக் கோட்டால் இணைத்தே இதை அமைக்கலாம். மூன்றாவது, சொற்களையும் படங்களையும் குரலையும் சேர்த்து வீடியோவாக்கும் சேவை.

ஏரி, வாய்க்கால், வயல் என்னும் மூன்றையும் நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அட்டவணை ஏரி, வேலைத்தொடர் வாய்க்கால், வீடியோ வயல். வாய்க்கால் எவ்வளவு செம்மையாயினும் ஏரியில் உவர்நீர் நிற்குமாயின் பயிர் கெடுதல் திண்ணம். ஆதலின் யந்திரத்தைவிடக் கணக்கேட்டின் சுத்தமே இதில் முதன்மையானது.

கணக்கேட்டை அமைத்தல்

சந்தை, விளைபொருள், ரகம், தேதி என்னும் நான்கும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வேண்டும். குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் வேண்டும். அக்மார்க்நெட்டிலும் விலைகள் இம்மூன்றாகவே, குவிண்டாலுக்கு இவ்வளவு ரூபாய் என்று தரப்படுகின்றன. இவ்விவரங்கள் இந்திய சர்க்காரின் திறந்த தரவுத் தளத்தில், கணினிகள் தமக்குள் கேட்டுப் பெறும் ஏபிஐ வழியாயும் கிடைக்கும்.

இவற்றோடு வேறு நான்கு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளல் அவசியம். அவையாவன: அளவு, குரலுக்குரிய வாசகம், நிலை, வீடியோவின் விலாசம். 'நிலை' என்னும் பத்தியில் வரைவு, சரிபார்த்தது, தயாரானது, வெளியிட்டது, பிழை என்னும் ஐந்து சொற்களுள் ஒன்றே இருக்கவேண்டும். இப்பத்தியே மதகு. 'சரிபார்த்தது' என்று ஒரு மனிதர் மாற்றினாலன்றி எந்த வரிசையும் வாய்க்காலில் இறங்கலாகாது.

மாதிரிப்படம்

அடுத்து, ஒரே ஒரு மாதிரிப்படத்தைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். கைபேசிக்கு 1080-க்கு 1920 புள்ளிகள் கொண்ட நெட்டுப்படம் ஏற்றது. விநாடிக்கு 25 சட்டங்கள் வீதம் 30 விநாடிக்கு 750 சட்டங்கள் ஆகும்; அத்தனையையும் யந்திரமே வரைந்துகொள்ளும். சந்தையின் பெயர், பொருள், தேதி, விலை ஆகியவை வரும் இடங்களுக்குப் பெயரிட்டு வெற்றிடமாய் விட்டுவைத்தல் நமது வேலை.

தமிழ் எழுத்து விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கணினியின் உள்ளே 'கெ' என்பது முதலில் ககரமும் பின்னர் ஒற்றைக்கொம்புமாகவே சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து வரையும் திறன் சில யந்திரங்களுக்கு இல்லாமையால், எழுத்துகள் சிதைந்து தோன்றுவதுண்டு. நெல், கேழ்வரகு, கொத்தமல்லி, தேங்காய், மக்காச்சோளம் என்னும் சொற்களை இட்டுப் பரீக்ஷித்தால் உண்மை தெரிந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற முறையான எழுத்துருவைப் பயன்படுத்துக. குரலிலும் இவ்வாறே: 'ரூ.' என்ற சுருக்கத்தையும் இலக்கங்களையும் யந்திரம் தவறாய் வாசிக்கக்கூடும். ஆதலால் குரலுக்குரிய பத்தியில் தொகையைச் சொல்லாலேயே எழுதுதல் நலம்.

வேலைத்தொடரை இணைத்தல்

1. குறித்த நேரத்தில், உதாரணமாய் மாலை 6 மணிக்கு, வேலைத்தொடர் அட்டவணையைப் பார்க்குமாறு செய்க.

2. நிலை 'சரிபார்த்தது' என்றும், வீடியோ விலாசம் காலியாகவும் உள்ள வரிசைகளை மாத்திரம் பொறுக்குக.

3. அவ்வரிசையின் விவரங்களை மாதிரிப்படத்தின் வெற்றிடங்களுக்கு நேராய் இணைத்து, வீடியோச் சேவைக்கு அனுப்புக.

4. படம் உடனே வராது. சேவையானது முதலில் ஒரு வேலை எண்ணைத் தந்து, முடிந்தபின் வெப்ஹூக் என்னும் வழியால் செய்தி அனுப்பும். அச்செய்தி வந்ததும் வீடியோவின் விலாசத்தை அதே வரிசையில் எழுதி, நிலையைத் 'தயாரானது' என்று மாற்றுக.

5. பொறுப்பாளர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சம்மதித்த பின்னரே கிராமக் குழுக்களுக்கு அனுப்பி, 'வெளியிட்டது' எனக் குறிக்க.

நடுவே ஏதேனும் தடைப்படின் நிலையைப் 'பிழை' என மாற்றிப் பொறுப்பாளருக்கு அறிவிக்கும் ஒரு கிளையையும் அமைத்தல் வேண்டும். செலவைப் பொறுத்தவரை, வேலைத்தொடர்ச் சேவைகள் பெரும்பாலும் நடந்த வேலைகளின் எண்ணிக்கைக்கும், வீடியோச் சேவைகள் படத்தின் நீளத்துக்கும் ஏற்பக் கட்டணம் வாங்கும். என்எயிட்என்னைச் சொந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக் என்னும் வீடியோ மென்பொருள் இலவசமாய்க் கிடைப்பது. ஆனால் இவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

நேரக்கூடிய பிழைகள்

கையால் எழுதிய கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால் அது அந்த ஏட்டோடு நிற்கும். இங்கோ ஒரு கட்டத்தின் பிழை அன்று மாலையே பல கிராமங்களில் உரத்த குரலில் பேசப்பட்டுவிடும். உதாரணம் ஒன்று காண்போம். நிலக்கடலை 80 கிலோ மூட்டை 6,000 ரூபாய்க்கு விற்றதெனக் கொள்வோம். கிலோ 75 ரூபாய். குவிண்டாலுக்கு 7,500 ரூபாய். அளவைக் கவனியாது 6,000 என்பதைக் குவிண்டால் விலைப் பத்தியில் எழுதிவிட்டால், வீடியோவை நம்பி வீட்டு வாசலில் வியாபாரிக்கு விற்பவர் குவிண்டாலுக்கு 1,500 ரூபாய் இழப்பார். 10 குவிண்டால் வைத்திருப்பவருக்கு நஷ்டம் 15,000 ரூபாய். அழகிய படமும் இனிய குரலும் அப்பொய்க்கு மேலும் நம்பிக்கையைத் தேடித் தரும்.

வேறு சில பிழைகளும் உண்டு. சந்தை விடுமுறையன்று பழைய விலையே இன்றைய விலையாய் வெளிவருதல். 4-5 என்னும் தேதியை மே 4 என்று ஒரு கணினியும் ஏப்ரல் 5 என்று மற்றொன்றும் கொள்ளுதல். காலிக் கட்டத்தை 0 ரூபாய் என்று படித்தல். ஒரே வரிசைக்கு இரண்டு படங்கள் உண்டாதல் என்பன அவை. தேதி இன்றையதாயிருத்தல், விலை 0-க்கு மேற்பட்டிருத்தல், குறைந்த விலை உயர்ந்த விலையைத் தாண்டாதிருத்தல் ஆகிய மூன்று சோதனைகளை வேலைத்தொடரிலேயே வைத்துவிட்டால் இவற்றுட் பெரும்பாலானவை தடுக்கப்படும். அளவுப் பிழையை மாத்திரம் சந்தை வழக்கம் அறிந்த மனிதரே கண்டுபிடிப்பார்.

எதற்கு ஏற்றது?

விலை, மழை எச்சரிக்கை, அணை நீர்மட்டம், விதை இருப்பு போன்று நாள்தோறும் மாறும் விவரங்களுக்கே இம்முறை தகும். கவாத்து செய்தல், விதை நேர்த்தி போன்ற தொழில்முறைகளைக் கற்பிக்க இது ஏற்றதன்று. அதற்கு, 2006-ல் பெங்களூரில் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சிச் சாலையின் முயற்சியாய்த் தோன்றிய டிஜிட்டல் கிரீன் காட்டிய வழியே சிறந்தது. உள்ளூர் விவசாயிகள் தாமே செய்துகாட்டுவதைப் படமெடுத்து, கிராமத்தார் கூடியிருக்கையில் காட்டி, இடையிடையே நிறுத்தி வினாக்களுக்கு விடையளிப்பது அம்முறை. அண்டைக் கிராமத்தாரின் கைவேலையைக் கண்டு பிறக்கும் நம்பிக்கை அட்டவணையிலிருந்து பிறக்காது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

அடங்கலில் பயிரையும் பரப்பையும் வயலைப் பார்த்தே எழுத வேண்டுமென்பது தொன்றுதொட்டு வரும் விதி. 1980-ல் கணக்குப்பிள்ளை முதலிய பழைய கிராம உத்தியோகங்கள் நீக்கப்பட்ட பின்னரும் அவ்விதி மாறவில்லை. கணக்கேட்டிலிருந்து படமும் குரலும் தாமே பிறக்கும் இந்நாளில் அதன் மதிப்பு பன்மடங்கு உயர்ந்துள்ளது. பாராது எழுதிய எண்ணை யந்திரம் ஐயுறாது. எழுதியவாறே ஊருக்குச் சொல்லும்.

ஆகையால் இம்முறையைத் தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு சந்தை, ஒரு விளைபொருள் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் தமக்குள்ளேயே நடத்திப் பார்க்கக் கடவர். நாள்தோறும் வீடியோவில் கேட்ட விலையை விற்பனைக் கூடத்தின் பலகையில் எழுதிய விலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவிடத்துக் காரணத்தைக் குறித்துவைக்க. தொடர்ந்து பிழையின்றி நடந்த பின்னர் மற்றப் பொருள்களுக்கும் விரித்தல் நன்று.