‘நீங்கள் சேமித்தது ரூ.1,184’: அது யார் கணக்கு?

கேள்வி: மதுரை கே.கே.நகரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள். முன்பெல்லாம் மாதம் பிறந்தால் அண்ணாச்சி கடையில் லிஸ்ட் கொடுத்துவிடுவோம், சாமான் வீட்டுக்கே வந்துவிடும். இப்போது எல்லாமே சூப்பர் மார்க்கெட்தான். ஒவ்வொரு பில்லின் அடியிலும் ‘நீங்கள் சேமித்தது’ என்று ஆயிரத்துக்குக் குறையாமல் ஒரு தொகை போட்டிருக்கிறது. ஆனால் மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. விலைவாசிதான் காரணம் என்கிறார் கணவர். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. போன மாத பில்லை இணைத்திருக்கிறேன். காசு எங்கே போகிறது?
– வாசகி, மதுரை-20

பதில்: பில்லை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அம்மா. உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை, விலைவாசிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் காரணமில்லை. பில்லின் அந்தக் கடைசி வரியிலிருந்தே பார்ப்போம்.

துவரம்பருப்பு ஒரு கிலோ. எம்ஆர்பி 215, உங்களுக்கு 149, சேமிப்பு 66 என்று இருக்கிறது. அந்தப் பருப்பை 215 ரூபாய் கொடுத்து யார் வாங்கியிருப்பார்கள்? எம்ஆர்பி என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. பாக்கெட் போடுகிறவர் அதை எவ்வளவு உயரத்தில் அச்சடிக்கலாம் என்பதற்குப் பருப்பில் கட்டுப்பாடு கிடையாது. 215 போட்டால்தான் ‘66 ரூபாய் மிச்சம்’ என்று காட்ட முடியும். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் அதே தரப் பருப்பு அன்றைக்கு என்ன விலை என்று பாருங்கள். அங்கே 140 என்றால் நீங்கள் 66 ரூபாய் மிச்சம் பிடிக்கவில்லை, 9 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். ரவை, முந்திரி, சீரகம், பாக்கெட் அரிசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சோப்பு, பற்பசை, சலவைத்தூள், டீத்தூள் விஷயம் வேறு. அண்ணாச்சி கடையில் இவற்றுக்குப் பெரும்பாலும் முழு எம்ஆர்பிதான் வாங்குவார்கள். அதனால் சூப்பர் மார்க்கெட் இதில் 10 சதவீதம் குறைத்தால் அது நிஜமான குறைப்பு. உங்கள் 1,184 ரூபாயில் இந்த வகையில் வந்ததைக் கூட்டிப் பார்த்தேன்: 212 ரூபாய். உங்கள் சேமிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் பருப்பு, அரிசி எம்ஆர்பியில் வந்த தொகை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் சூப்பர் மார்க்கெட் தொழிலில் கொள்முதல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரி சும்மா அச்சாவதில்லை.

அடுத்தது எண்ணெய். பில்லில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் இருக்கிறது. ஒன்று 152 ரூபாய். இன்னொன்று ஆஃபரில் 139. இரண்டாவது மலிவு என்றுதான் எடுத்திருப்பீர்கள். முதலாவது ஒரு லிட்டர், அதாவது சுமார் 910 கிராம். இரண்டாவது 800 கிராம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 167 ரூபாய் சொச்சம், இரண்டாவது கிட்டத்தட்ட 174. எண்ணெய், பருப்பு, பிஸ்கட் போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. பாக்கெட்டின் உருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, எடையில்தான் தெரியும்.

பட்டியலை எடுத்தவர்கள் அதற்கு ஈடாக ஒன்று கொடுத்தார்கள்: பாக்கெட்டில் அலகு விலை அச்சடிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் படிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கும், கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒன்றில் 0.24, பக்கத்தில் இருப்பதில் 238. எது மலிவு? 0.24 என்பது கிலோவுக்கு 235 ஆகவும் இருக்கலாம், 244 ஆகவும் இருக்கலாம். இரண்டு தசமத்தோடு முழுமையாக்கிவிடுகிறார்கள். போதாததற்கு அந்த அலகு விலை எம்ஆர்பியை வைத்துப் போட்டது, நீங்கள் கொடுக்கும் விலையை வைத்து அல்ல. அதனால் கையில் இருக்கும் போனையே எடுங்கள். விற்கும் விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். எண்ணெய், நெய், டீத்தூள், சலவைத்தூள், ஷாம்பு இவற்றுக்குப் போதும். ஷாம்பு கணக்கு உங்களை ஆச்சரியப்படுத்தும்: பல பிராண்டுகளில் பெரிய பாட்டிலைவிட சாஷே சரம்தான் மில்லிக்கு மலிவு.

அரிசியை 5 கிலோ பைகளாக ஐந்து முறை வாங்கியிருக்கிறீர்கள். இதை நிறுத்துங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. நம் ஊர் அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்ததே அந்த வரியைத் தாண்டத்தான். உங்கள் வீட்டுக்கு ஒரு சிப்பம் ஒரு மாதம் வரும். முதலில் ஒரு கிலோ வாங்கி வடித்துப் பாருங்கள். பழைய அரிசியா, புது அரிசியா என்று கேட்டு, பிடித்தால் மூட்டை எடுங்கள்.

மிளகாய், மல்லி, புளி மூன்றையும் மாதாமாதம் பாக்கெட்டில் வாங்குவது வீண் செலவு. மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, மிளகாயையும் மல்லியையும் மில்லில் அரைத்துக்கொண்டால் விலையிலும் லாபம், ருசியிலும் லாபம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாவற்றுக்கும் முடியாது என்றால் புளியை மட்டுமாவது செய்யுங்கள்.

காய்கறிக்கு நீங்கள் ஏன் ஏசி கடைக்குப் போகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே உங்களுக்குப் பக்கத்து அண்ணா நகரில். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். காலையில் போக வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

மயோனைஸ் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’, சாக்லேட் சிரப், மூன்று வகை குக்கீஸ். இதெல்லாம் அண்ணாச்சிக்குக் கொடுத்த லிஸ்டில் என்றைக்காவது இருந்ததா? வரிசைகளின் முனையில் தனியாக நிற்கும் அடுக்குகளில் இருந்துதான் இவை கூடைக்குள் வந்திருக்கும். பல கடைகளில் அந்த இடத்துக்குக் கம்பெனிகள் பணம் கட்டுகின்றன. அங்கே இருப்பதாலேயே ஒரு பொருள் மலிவு என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அது உங்கள் வீட்டு விஷயம். இவை மட்டும் 640 ரூபாய் என்பதைச் சொல்வது என் வேலை.

அடுக்கில் ஒட்டிய விலையும் பில்லில் விழுந்த விலையும் வேறாக இருந்தால் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். ஆஃபர் முடிந்தும் அட்டையை எடுக்க மறந்திருப்பார்கள், கேட்டால் பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

ஆக, சோப்பு வகையறாவுக்கு சூப்பர் மார்க்கெட், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அரிசிக்கு அரிசிக் கடை. பருப்பு, சில்லறைச் சாமானுக்கு அண்ணாச்சியிடமே திரும்பிப் போகலாம், பழைய லிஸ்டோடு.

இன்னொன்று. கடிதத்தில் ரேஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களிடம் அரிசி அட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். நீங்கள் கிலோ 149 ரூபாய் வீதம் வாங்கிய இரண்டு கிலோவில் ஒரு கிலோ இப்படிக் கிடைத்திருக்கும். வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பார்கள். முன்கூட்டியே ஊறப் போட்டு, கடைப் பருப்போடு பாதிக்குப் பாதி கலந்து குக்கரில் வைத்தால் சாம்பாரில் வித்தியாசம் தெரியாது.