குளிக்கவும் போராட வேண்டுமா?

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குளித்துத் தலைவாரவே தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சொன்னால், "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்கிறார் அக்கா. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்படாதீர்கள், சகோதரி. அக்காவுக்குக் குளியல் ஒரே வேலை. உங்களுக்கோ எழுந்து உட்கார, துண்டை எடுக்க, குளியலறைக்குப் போக என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மனதைத் திரட்ட வேண்டியிருக்கிறது. எதையும் தொடங்கும் உந்துதலையே அரித்துவிடுவது இந்த நோயின் குணம். மனநல மருத்துவர்கள் தூக்கம், பசியோடு அன்றாட வேலைகளையும் விசாரிப்பது அதனால்தான். சிகிச்சையிலும் பல் துலக்குவது, தெருமுனை வரை நடப்பது போன்ற சின்னக் காரியங்களிலிருந்தே தொடங்குவதுண்டு. நீங்கள் அற்பமென்று கூசுவதை அவர்கள் முன்னேற்றமாகக் குறித்துக்கொள்வார்கள்!

அக்காவிடம் பொதுவாகப் புலம்பாமல், "வெந்நீர் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் சொன்னால் அக்கா நம்பக்கூடும். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இடையில் மனம் கனத்தால், 2022 முதல் இயங்கும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் அழையுங்கள். நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.